சாப்பாட்டு அட்வைஸ் மலிவு, சாப்பாடுதான் விலை

காய்கறி நிறைய சாப்பிடுங்க, பழம் சேத்துக்கோங்க, பருப்பு பயறு முட்டை பால் எல்லாம் இருக்கட்டும், சக்கரையக் குறைங்க, பொரிச்சதத் தொடாதீங்க. இந்த அட்வைஸ்ல ஒரு தப்பும் கிடையாது, எல்லாமே சரிதான். எனக்கு இருக்கற வருத்தம் வேற. இதக் கேட்டுட்டு வீட்டுக்குப் போறவங்க கையில மறுநாள் காலைல இருக்கப்போறது அதே காசு, அதே நேரம், அதே அடுப்பு. அட்வைஸ் மட்டும்தான் புதுசு. ஒரு வருஷம் கழிச்சு சுகர் ஏறிடுச்சு, பிரஷர் ஏறிடுச்சுன்னா "சொன்னா கேக்கறதில்ல, வாயக் கட்டத் தெரியல"ன்னு பழியும் அவங்க தலையிலயே விழும்.

எகனாமிக்ஸ் படிச்சதுல இருந்தே இந்த விஷயம் என்ன விடாம துரத்துது. வீட்ல சமையல் என் பொறுப்புங்கறதால ரெண்டு பக்கமும் பாக்கற வாய்ப்பும் கிடைச்சுது. எனக்குப் பட்டத இங்க சொல்றேன். தட்டுல என்ன விழணும்ங்கறதுல பெரும்பகுதி, சாப்பிடறவங்க கைய நீட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவாகிடுது, விலையில, நேரத்துல, பொருள் தயாராகற இடத்துல. அதனால பாலிசியும் அங்கதான் போய்க் கை வைக்கணும், நோட்டீஸ் அடிச்சு சாப்பிடறவங்க வீட்டு வாசல்ல நிக்கறது போதாது.

முதல்ல விலை. ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு மத்த ஐ.நா. அமைப்புகளோட சேந்து வருஷா வருஷம் ஒரு ரிப்போர்ட் போடுது, 2020 ரிப்போர்ட்ல ஒரு கணக்கு வந்துச்சு. வெறும் மாவுச்சத்து தானியத்த வச்சு வயித்த ரொப்பிக்க ஆகற செலவு ஒண்ணுன்னா, டாக்டர் சொல்ற மாதிரி ஆரோக்கியமா சாப்பிட சராசரியா அதப் போல அஞ்சு மடங்கு ஆகும். அந்த அஞ்சு மடங்கக் கொடுக்க முடியாத ஜனங்க அப்போ உலகத்துல சுமார் 300 கோடி பேர். முன்னூறு கோடி! இவங்ககிட்ட போய் சமச்சீர் உணவப் பத்தி கிளாஸ் எடுக்கறோம்.

இதுல "மலிவாவும் சத்தாவும் சாப்பிட முடியுமே, புத்தி இருந்தா போதும்"னு ஒரு கட்சி எப்பவும் உண்டு. அந்தக் கட்சிக்காரங்களுக்கு ஒரு பழைய கதை சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஜார்ஜ் ஸ்டிக்லர்னு ஒரு அமெரிக்க எகனாமிஸ்ட், பின்னாடி 1982ல நோபல் வாங்கினவர், 1945ல ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சராசரி ஆம்பளைக்கு வேணுங்கற 9 சத்தும் கிடைக்கணும், செலவு எவ்ளோ குறைச்சலா முடியுமோ அவ்ளோ குறைச்சலா இருக்கணும், 77 பொருள்ல எத எத எவ்ளோ வாங்கணும்? அவருக்கு வந்த விடை, 1939 விலைக்கு ஒரு முழு வருஷத்துக்கு 39 டாலர் 93 சென்ட். லிஸ்ட் என்னன்னா 370 பவுண்டு கோதுமை மாவு, 57 டின் கெட்டிப்பால், 111 பவுண்டு முட்டைக்கோஸ், 23 பவுண்டு பசலைக்கீரை, 285 பவுண்டு காஞ்ச பீன்ஸ். அவ்ளோதான், வருஷம் பூரா இத மட்டுமே சாப்பிடணும், உப்புக்கு மேல ஒரு ருசியும் கிடையாது.

ஸ்டிக்லர் இத யாரையும் சாப்பிடச் சொல்லல, அது முக்கியம். அந்தக் காலத்துல சத்துணவு நிபுணர்கள் போட்ட "குறைஞ்ச செலவு" பட்டியல் எல்லாம் இதவிட ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. அந்த வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னா ருசி, மாத்தி மாத்தி சாப்பிடற ஆசை, பழக்கவழக்கம், நாலு பேர் மத்தில மரியாதை, இதுக்கெல்லாம் மனுஷங்க கொடுக்கற விலை அது, சத்துக்கான விலை இல்லைன்னு அவர் காட்டினார்.

அவர் கணக்கு ஒரு ஊகம் கலந்த கணக்கு, சரியான விடையக் கண்டுபிடிக்க அப்ப வழி இல்ல. 1947ல ஜார்ஜ் டான்ட்சிக்னு ஒரு அமெரிக்கக் கணித நிபுணர், இந்த மாதிரி கணக்குக்கு சரியான விடை கொடுக்கற சிம்ப்ளக்ஸ்னு ஒரு முறையக் கண்டுபிடிச்சதும், அத சோதிக்க முதல்ல எடுத்த பெரிய கணக்கே இந்த சாப்பாட்டுக் கணக்குதான். கம்ப்யூட்டர் இல்லாத காலம், 9 குமாஸ்தாக்கள் கையால சுத்தற கால்குலேட்டர வச்சுக்கிட்டு மொத்தம் 120 ஆள்-நாள் வேலை செஞ்சாங்க. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லர் ஊகம் வெறும் 24 சென்ட்தான் தள்ளிப் போயிருந்துச்சு. அப்புறம் டான்ட்சிக்குக்கே டாக்டர் எடை குறைக்கச் சொன்னப்ப, தன்னோட டயட்டையே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தார். முதல் விடையில அது 500 காலன் வினிகர் குடிக்கச் சொல்லுச்சு. வினிகர எடுத்துட்டுத் திரும்பப் போட்டா, ஒரு நாளைக்கு 200 சூப் கட்டி. கடைசில அவர் மனைவி தானே ஒரு மெனு போட்டுக் கொடுக்க வேண்டியதாச்சு. கணக்குல ஒரு பிழையும் இல்ல, கணக்குக்குள்ள மனுஷன் இல்லாததுதான் குறை. நாம இன்னிக்கும் ஏழைங்க சாப்பாட்டப் பத்தி பேசறப்ப பெரும்பாலும் அந்த மாதிரி மனுஷன் இல்லாத கணக்கத்தான் போடறோம்.

ஒரு அம்மா கையில சாயங்காலம் கொஞ்சம் காசு இருக்கு. அத வச்சு ஒரு காய் வாங்கலாம், இல்லன்னா பிள்ளைங்க கண்ண மூடிக்கிட்டு சாப்பிடற ஒரு பாக்கெட் வாங்கலாம். காய வாங்கி, கழுவி, நறுக்கி, எண்ணெய் செலவழிச்சு, கேஸ் செலவழிச்சு வச்சா சின்னவன் ஒரு வாய் வச்சுட்டு துப்பிடறான், பெரியவ தட்ட ஒதுக்கிடறா. காசுள்ள வீடா இருந்தா அம்மா சிரிச்சுக்கிட்டே வேற ஏதாவது செஞ்சு கொடுப்பாங்க, திரும்ப நாளைக்கும் அதே காய வப்பாங்க, பத்து தடவை வச்சா பதினோராவது தடவை அந்தப் பிள்ளை அதச் சாப்பிடப் பழகும். புதுசா ஒரு ருசி குழந்தைக்குப் பிடிக்கறதுக்கு அந்த மாதிரி பல தடவை கொடுக்கணும்னு குழந்தை மருத்துவத்துலயே சொல்றாங்க. அந்தப் பல தடவையும் குப்பைக்குப் போற சாப்பாட்டுக்கு யார் காசு கொடுக்கறது? கையில மாத்து சாப்பாட்டுக்குக் காசு இல்லாத வீட்ல குழந்தை துப்பினா, அன்னிக்கு ராத்திரி குழந்தை பட்டினி. அதனால அந்த அம்மா பாக்கெட்ட எடுக்கறாங்க. வாங்கின கிலோவுக்கு விலை போட்டா காய் மலிவு. வயித்துக்குள்ள போன கிலோவுக்கு விலை போட்டா பாக்கெட்தான் மலிவு. அவங்க போட்ட கணக்கு ரெண்டாவது, அதுதான் சரியான கணக்கும்கூட. இத அறியாமைன்னு சொல்றவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு. கட்லர், கிளேசர், ஷபிரோன்னு மூணு பேர் 2003ல அமெரிக்காவுல ஏன் உடல் எடை ஏறுச்சுன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க, அதுல உருளைக்கிழங்குதான் ஹீரோ. ஒரு காலத்துல அங்க உருளைக்கிழங்க வேகவச்சோ சுட்டோ மசிச்சோதான் வீட்ல சாப்பிடுவாங்க. ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் பண்ணணும்னா தோல் சீவணும், நறுக்கணும், எண்ணெய்ல பொரிக்கணும், பாத்திரம் தேய்க்கணும், அதனால யாரும் அடிக்கடி பண்ணல. ஃபேக்டரில வெட்டி, உறைய வச்சு அனுப்பற முறை வந்ததும் அந்த உழைப்பு முழுக்க மறைஞ்சு போச்சு. 1977ல இருந்து 1995க்குள்ள அமெரிக்கர்கள் சாப்பிட்ட உருளைக்கிழங்கு சுமார் 30 சதவீதம் கூடுச்சு, கூடுனது கிட்டத்தட்ட முழுக்க சிப்ஸும் ஃபிரைஸும்தான். மனுஷங்க குணம் மாறல, மன உறுதி திடீர்னு எங்கயும் ஓடிப்போகல, ஒரு பொருளோட நேர விலை தரைமட்டத்துக்கு வந்துருச்சு. அதே சமயம் ஒரு கட்டு கீரைய ஆயறதுக்கு ஆகற நேரம் அன்னிக்கு எவ்ளோவோ இன்னிக்கும் அவ்ளோதான். வேலைக்கும் போய் வீட்டையும் பாக்கற பொம்பளைங்க மேல இந்த வித்தியாசம் எப்படி விழுதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

அப்ப விலையக் குறைச்சா போதுமா, மானியம் கொடுத்துட்டா எல்லாம் சரியாகிடுமான்னா, அது இவ்ளோ நேர்கோட்டுல போகாது. ஜென்சன், மில்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சீனாவுல ஹூனான் மாகாணத்துல ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையக் குறைக்கற கூப்பன் கொடுத்துப் பாத்தாங்க, 2008ல அந்த ரிசல்ட் வெளியாச்சு. அரிசி மலிவானதும் அந்தக் குடும்பங்க அரிசி சாப்பிடறதக் குறைச்சுட்டாங்க. மிச்சமான காச வச்சு வேற ருசியான அயிட்டம் வாங்கிக்கிட்டாங்க. ஊட்டச்சத்து ஏறுச்சான்னு பாத்தா, ஏறினதுக்கு ஆதாரம் கிடைக்கல. இதப் படிச்சுட்டு "பாத்தியா, ஏழைக்குக் காசு கொடுத்தா இப்படித்தான்"னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அதுல தெரியறது வேற. பல வருஷமா ஒரே தானியத்துலயே வயித்த ரொப்பிட்டு இருந்தவங்களுக்கு முதல் தடவையா கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைச்சுது, அத நாக்குக்குக் கொடுத்தாங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். பாலிசி போடறவங்க கத்துக்க வேண்டியது என்னன்னா, கலோரிக்கு மானியம் கொடுத்தா சத்து தானா வந்துடாது, எந்தப் பொருளுக்குக் கொடுக்கறோம்ங்கறது முக்கியம்.

அதே மாதிரி நல்ல கடை பக்கத்துல இருந்தா போதும்ங்கற நம்பிக்கையும். அமெரிக்காவுல ஏழைங்க இருக்கற ஏரியாவுல சூப்பர் மார்க்கெட் இல்லாததுதான் பிரச்சனைன்னு ரொம்ப நாளா பேசினாங்க. ஆல்காட்டும் அவர் கூட இருந்தவங்களும் 2019ல வெளியிட்ட ஆராய்ச்சில, பணக்காரங்களுக்குக் கிடைக்கற அதே பொருள அதே விலையில ஏழைங்களுக்கும் கிடைக்க வச்சா, ரெண்டு பேர் சாப்பாட்டுத் தரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி சுமார் 10 சதவீதம்தான் குறையும்னு வந்துச்சு. மிச்சம் எல்லாம் பழக்கம், ருசி, வளந்த விதம். இது என் கட்சிக்கு எதிரா இருக்கற ஆதாரம், மறைக்க மாட்டேன். ஆனா அந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சு? மேல சொன்ன அந்த அம்மா வீட்ல வளந்த குழந்தை பெரியவனானா அவன் நாக்கு எதக் கேக்கும்? நேத்தைய விலை இன்னிக்கு ருசியா உக்காந்திருக்கு. அது கடை திறந்த மறுநாள் மாறாது.

இப்ப நல்ல பக்கத்துக்கு வரேன், ஏன்னா இதுல ஜெயிச்ச கதைங்களும் நிறைய இருக்கு, அதுல எல்லாம் ஒரு ஒற்றுமை இருக்கு. உப்புல அயோடின் சேக்கறது சுவிட்சர்லாந்துல 1922ல ஆரம்பிச்சது. கழுத்துல வீங்கற காய்டர் நோய், அதவிட மோசமா குழந்தைங்க மூளை வளர்ச்சி குறையறது, இத தடுக்க ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஆகற செலவு சில அமெரிக்க சென்ட்தான். சாப்பிடறவங்க எதையும் படிக்கல, எதையும் மாத்தல, அதே உப்பு. டென்மார்க் 2003ல, தொழிற்சாலைல உருவாகற, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு மொத்தக் கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, உலகத்துலயே முதல் நாடு. பிஸ்கட், கேக், பொரிச்சது எல்லாம் அப்படியே கடையில இருந்துச்சு, உள்ள இருந்த விஷம் மட்டும் போச்சு. லேபிள படிச்சு டிரான்ஸ் கொழுப்பத் தவிர்க்கத் தெரிஞ்சவங்க மட்டும் பொழச்சுக்கட்டும்னு அந்த நாடு விடல.

இதே டென்மார்க் 2011 அக்டோபர்ல நிறைவுற்ற கொழுப்புக்கு (saturated fat) கிலோவுக்கு 16 குரோனர்னு வரி போட்டுச்சு, வெண்ணெய், சீஸ், இறைச்சி எல்லாத்து மேலயும். ஜனங்க எல்லையத் தாண்டிப் போய் ஜெர்மனில வாங்கிட்டு வந்தாங்க, கம்பெனிங்க கணக்கெழுதிக் களைச்சாங்க, ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனதும் வரியவே தூக்கிட்டாங்க. வெண்ணெய்ல இருந்து கொழுப்ப எடுத்துட்டு யாரும் வெண்ணெய் தயாரிக்க முடியாது, அதனால தயாரிக்கறவங்களுக்கு மாத்தறதுக்கு வழியே இல்ல, முழு பாரமும் வாங்கறவங்க மேல.

பிரிட்டன் குளிர்பான வரி இதுக்கு நேர் எதிர். 2016 மார்ச்ல அறிவிச்சு, 2018 ஏப்ரல்லதான் நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க, நடுவுல ரெண்டு வருஷம் அவகாசம். ஆரம்பத்துல வரிக்குப் படிக்கட்டு இப்படி வச்சாங்க, 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழ சக்கரை இருந்தா வரியே கிடையாது, 5ல இருந்து 8க்குள்ளன்னா லிட்டருக்கு 18 பென்ஸ், 8ம் அதுக்கு மேலயும்னா 24 பென்ஸ். இந்தப் படிக்கட்டுதான் மொத்த சூட்சுமமும். ஒரு கம்பெனி தன்னோட பானத்துல சக்கரைய 5 கிராமுக்குக் கீழ இறக்கினா வரி பூஜ்யம், ஃபார்முலாவ மாத்தறது லாபம். மாத்தினாங்க. 2015லருந்து சில வருஷத்துக்குள்ள வரிக்குள்ள வர பானங்கள்ல சராசரி சக்கரை 40 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. முதல் வருஷம் 52 கோடி பவுண்டு வசூலாகும்னு முதல்ல கணக்குப் போட்டவங்க, வரி அமலாகறதுக்கு முன்னாடியே அத பாதிக்கும் கீழ குறைக்க வேண்டியதாச்சு, ஏன்னா நிறைய பானங்க வரி வரம்புக்குக் கீழ இறங்கிருச்சு. வசூல் குறையக் குறைய ஜெயிச்ச வரி இது. கஜானாவ ரொப்பறதுக்காக வரி போடற மந்திரிக்கு இது புரியறது கஷ்டம்.

மெக்சிகோ 2014 ஜனவரில சக்கரை பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது வேற மாதிரி. அங்க சக்கரை அளவுக்கு ஏத்த படிக்கட்டு இல்ல, விலை ஏறும், ஜனங்க குறைச்சுப்பாங்க, அவ்ளோதான். முதல் வருஷம் வாங்கறது சுமார் 5.5 சதவீதம் குறைஞ்சுது, ரெண்டாவது வருஷம் 9.7. அதிகமா குறைச்சது ஏழைக் குடும்பங்கதான். இங்கதான் "ஏழைங்க மேல வரி போடறீங்களே"ங்கற கேள்வி வரும், நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்கக்கூடாது. நீரிழிவு வந்தா கால எடுக்கற நிலைமைக்குப் போறதும், வேலைக்குப் போக முடியாம கூலி போறதும் அதிகமா அவங்களுக்குத்தான், அதனால குறைச்சவங்களுக்கு ஆதாயமும் அதிகம், இது உண்மை. ஆனா குறைக்காம வாங்கிட்டே இருக்கறவங்க வரியும் கட்டி நோயையும் வாங்கறாங்க, அதுவும் உண்மை. அதனாலதான் நான் பிரிட்டன் மாடலத் தூக்கிப் பிடிக்கறேன், அதுல நிறைய பானத்துல வரி கட்டாமலே சக்கரை குறையுது.

சின்ன வயசுல நடக்கறதுதான் இதுல எல்லாத்தையும் விட பெரிசு, அரசாங்கங்க கம்மியா கவனிக்கறதும் அதத்தான். பிரிட்டன்ல ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இருந்து சக்கரைக்கு ரேஷன், 1953 செப்டம்பர்ல எடுத்தாங்க. எடுத்ததும் பெரியவங்க ஒரு நாளைக்கு சாப்பிடற சக்கரை சுமார் 40 கிராம்ல இருந்து கிட்டத்தட்ட 80க்குப் போச்சு. அந்தத் தேதிக்கு முன்னாடியும் பின்னாடியும் கருவானவங்கள அம்பது அறுபது வயசுல ஒப்பிட்டுப் பாத்து 2024ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. வயித்துக்குள்ள இருந்தப்பவும் பொறந்த புதுசுலயும் ரேஷன் காலத்துல இருந்தவங்களுக்கு டைப் 2 நீரிழிவு அபாயம் சுமார் 35 சதவீதம் கம்மி, ரத்தக்கொதிப்பு சுமார் 20 சதவீதம் கம்மி. நோய் வந்தவங்களுக்கும் நீரிழிவு நாலு வருஷம் தள்ளி வந்துச்சு. நாலு வருஷ மருந்துச் செலவு, நாலு வருஷ கண்ணு, நாலு வருஷ கிட்னி. அந்தக் குழந்தைங்க யாரும் எந்த அட்வைஸும் கேக்கல.

குவாத்தமாலால நடந்ததும் இதே திசைதான். 1969ல இருந்து 1977 வரைக்கும் நாலு கிராமத்துல ஆராய்ச்சி பண்ணாங்க, ரெண்டு கிராமத்துல குழந்தைங்களுக்கு அத்தோலேன்னு புரதம் நிறைஞ்ச கஞ்சி, மத்த ரெண்டுல புரதம் இல்லாத இனிப்புப் பானம். அந்தக் குழந்தைங்க வளந்து பெரியவங்களாகி வேலைக்குப் போன பிறகு தேடிப் போய்ப் பாத்தாங்க, 2008ல ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு வயசுக்குள்ள கஞ்சி குடிச்ச ஆம்பளைங்களோட மணிக்கூலி சராசரியா 46 சதவீதம் அதிகம். பொம்பளைங்களுக்கு அந்த மாதிரி கூலி ஏத்தம் தெரியல. எந்த ரோடு, எந்தப் பாலம், எந்த ஃபேக்டரி இப்படி ஒரு வருமானம் கொடுக்கும்? ஆனா கஞ்சி ஊத்தின பட்ஜெட்டுக்கும் கூலி ஏறின வருஷத்துக்கும் நடுவுல முப்பது வருஷம், நடுவுல எத்தன ஆட்சி மாறியிருக்கும். செலவு என் கணக்குல, வரவு எவனோ ஒருத்தன் கணக்குலன்னா எந்த மந்திரி கையெழுத்துப் போடுவார்? ஆஸ்பத்திரி கட்டினா ரிப்பன் வெட்டலாம், வராத நோய்க்கு ரிப்பன் கிடையாது. இந்த இடத்துலதான் நிதித்துறைங்க கணக்கு வைக்கற முறையே மாறணும்னு நான் நினைக்கறேன், குழந்தைங்க சாப்பாட்ட நலத்திட்டச் செலவுன்னு எழுதாம மூலதனச் செலவு பக்கத்துல எழுதணும்.

கெட்டத விலை ஏத்தறது பாதி வேலைதான். நல்லத மலிவாக்கற பாதில உலகம் ரொம்பப் பின்தங்கி இருக்கு. முறையா சோதிச்சுப் பாத்ததுல எனக்கு நம்பிக்கை கொடுத்தது ஒண்ணு, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2011, 2012ல நடந்தது. அரசாங்க உணவு உதவி வாங்கற குடும்பங்கள்ல குலுக்கல் முறையில சிலரத் தேர்ந்தெடுத்து, அந்த அட்டையில ஒரு டாலருக்குப் பழமோ காயோ வாங்கினா 30 சென்ட் திரும்ப அந்த அட்டையிலயே ஏறற மாதிரி வச்சாங்க. பிரசங்கம் இல்ல, தடை இல்ல, அட்டைய யாரும் பிடுங்கல. அந்தச் சலுகை கிடைச்சவங்க, கிடைக்காதவங்களவிட அந்தப் பழம் காய்கறிய சுமார் 26 சதவீதம் அதிகமா சாப்பிட்டாங்க. அளவா பாத்தா ஒரு நாளைக்குக் கால் கப். கால் கப் போதாதுதான். ஆனா அந்த அம்மாவுக்கு, குழந்தை துப்பினாலும் நஷ்டம் பத்துல மூணு பங்கு குறைவுன்னா இன்னொரு தடவை வச்சுப் பாக்கலாம்னு தோணும், அந்த 30 சென்ட்ட 50 ஆக்கினா இன்னும் எத்தன தடவை வப்பாங்கன்னு அடுத்து சோதிச்சுப் பாக்க வேண்டியது அதத்தான்.